பழகிப்போன மூக்கு

எங்கள் தொழிற்சாலையில் பதனிடும் தோல், ஐரோப்பாவில் விற்கும் ஒரு காரின் இருக்கைகளுக்குப் போகிறது. ரொம்பப் பெரிய கார் இல்லை, சின்னதும் இல்லை. அந்த ஊர் மேனேஜர்கள் ஆபீசுக்கு ஓட்டிப் போகிற ரகம். 'காம்பாக்ட் எக்சிகியூட்டிவ்' என்பார்கள். ஆய்வகத்துச் சுவரில் அதன் படம் தொங்குகிறது. நான் சேர்ந்த அன்று, உடன் வேலை செய்யும் வாணியம்பாடி நண்பன் அதைக் காட்டி, "இன்னா வண்டின்னு தெரியுமா தோஸ்த்? குள்ள ஆபீசர்" என்றான்.

அந்தக் கார் வெயிலில் நின்று சூடேறினாலும் உள்ளே உட்காருகிறவர் முகத்தில் தோல் வாடை அடிக்கக் கூடாதாம். அதற்கென்றே ஒரு சோதனை உண்டு. தோல் துண்டைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, ஓவனில் சூடாக்குவோம். பிறகு மூன்று பேர் ஒவ்வொருவராக மூடியை நகர்த்தி முகர்ந்து மார்க் போட வேண்டும். வாடையே இல்லையென்றால் ஒன்று, தாங்கவே முடியாது என்றால் ஆறு. முதலில் இதைப் படித்தபோதே எனக்கு ஆத்திரம் வந்தது. பேரணாம்பட்டு ரோட்டில், தோல் தொழிற்சாலைகளை ஒட்டியே இருக்கிறது எங்கள் தெரு. கோடையிலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். அங்கே மார்க் போட எவரும் வந்ததில்லை.

ஆனாலும் அந்த மூவரில் ஒருவனாக உட்கார எனக்கு ஆசை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருவன்தான்; வேதியியல் படித்தேன். அந்த இடம் கிடைத்தால் வேலை நிரந்தரமாகும். சோதனை அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கும்.

மூவரில் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் மேனேஜரிடம் கேட்டேன்.

"உங்கப்பா டேனரிலதானே இருக்கார்?" என்றார்.

"ஆமா சார், தோல் ஊறப்போடற சுண்ணாம்புத் தொட்டில."

"அதான்பா. பொறந்ததுலேர்ந்து இந்த வாடையிலயே வளந்தவன் நீ. பழகிப்போன மூக்கு. வித்தியாசம் தெரியாது. தப்பா எடுத்துக்காத."

வேறு எப்படி எடுத்துக்கொள்வது? விதிமுறையை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். சிகரெட் பிடித்துவிட்டு வரக் கூடாது, சென்ட் பூசியிருக்கக் கூடாது, ஜலதோஷம் கூடாது. அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று அதில் ஒரு வரியும் இல்லை. இதைச் சொன்னவர் எழுந்து போன பிறகும் அவருடைய சென்ட் அறையை விட்டுப் போகவில்லை.

அந்த இடத்தில் கணக்குப் பிரிவு அக்காவை உட்கார வைத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என்னால் பொறுக்க முடியாதது வேறு. சோதனை ஜாடிகளைக் கழுவுவது நான். பழைய வாடை துளி மிஞ்சினாலும் சோதனையே பொய்யாகிவிடும். அதனால் கழுவிய ஒவ்வொரு ஜாடியையும் முகர்ந்து பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து அதைச் சொல்லி வருவதும் நான்தான்! காலி ஜாடிக்கு இந்த மூக்கு போதும். தோலைப் போட்டுவிட்டால் மட்டும் இது டேனரிக்காரன் மகன் மூக்கு.

அடுத்த சாம்பிள் வந்த காலையில், கழுவிக் காயவைத்த ஜாடிகளை மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

"என்னப்பா இது?"

"நீங்களே மோந்து பாருங்க சார். எனக்குத்தான் வித்தியாசம் தெரியாதே."

"வேலை வேணாமா உனக்கு?"

"வேணும் சார். அதுக்குத்தான் கேக்கறேன். தெரியும்னா ரெண்டுக்கும் தெரியும், தெரியாதுன்னா ரெண்டுக்கும் தெரியாது."

நண்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "டேய், பேஜார் பண்ணாத. மோந்துட்டு வாடா, போலாம்."

மேனேஜர் ஒரு ஜாடியை எடுத்து முகர்ந்தார். அவருக்கே சந்தேகம் வந்து, கணக்கு அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவர் முகர்ந்து பார்த்து, தயங்கித் தயங்கி, "சென்ட் வாசனைதான் சார் வருது" என்றார். நண்பன் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "சரி, இன்னிக்கு மட்டும் நீயும் வந்து உக்காரு."

"இன்னிக்கு மட்டும்னா வேணாம் சார். பழகிப்போன மூக்குன்னு சொன்னீங்களே, அத வாபஸ் வாங்குங்க. வர்றேன்."

அவர் வாங்கவில்லை. ஜாடிகளுக்குச் 'சரி' சொல்ல ஆளில்லாமல் சாம்பிள் அன்றைக்குச் சோதனைக்குப் போகவில்லை. நிரந்தர உத்தரவும் எனக்கு இன்னும் வரவில்லை. ஜாடிகளை நான்தான் கழுவுகிறேன், முன்னைவிடச் சுத்தமாகவே. ஆனால் முகர்ந்து பார்த்துச் 'சரி' சொல்வதில்லை.