அக்கா தனக்குத் தானே கொடுத்த சம்பளம்

துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டியவர் அவர். ஆறு மாடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியின் முதுகில் பூப்போல இறக்கி வைப்பார். கிரேன்காரர் என்று சொன்னால்தான் தெருவில் தெரியும். மேலிருந்து பார்த்தே பழகிவிட்டதாலோ என்னவோ, மனிதர் லேசில் யாரையும் பார்த்து அசர மாட்டார். அவரையும் ஒருத்தி வாயடைக்க வைத்தாள். அவருடைய சொந்த அக்காதான்.

அதற்கு முன் அக்காவை அவர் வடிகட்டின கஞ்சம் என்றே நினைத்திருந்தார்.

அக்காவுக்கு அவரைவிட இரண்டு வயது அதிகம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கும் வேலை. சின்ன வயதிலேயே கணவர் போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அறுபதில் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம், கிரேன்காரர் பிற்பாடு வாங்கியதில் கால்வாசிகூட இராது. அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனவள், பன்னிரண்டு சம பங்காக்கி, மாதத்துக்கு ஒன்று முதிரும்படி பன்னிரண்டு வைப்புத்தொகை போடச் சொன்னாள்.

"ஒரே ரசீதாப் போட்டுட்டா எங்களுக்கும் வேலை மிச்சம்மா" என்று அலுத்துக்கொண்டார் குமாஸ்தா.

"உங்களுக்கு மிச்சம்தான் சார். நாளைக்கு எனக்கு ஒரு அவசரம்னா முழுசையும் இல்ல உடைக்கணும்? இப்படிப் போட்டா ஒண்ணு உடைஞ்சாலும் பதினொண்ணு பத்திரமா இருக்கும்."

குமாஸ்தா பன்னிரண்டு படிவங்களை எடுத்து வைத்தார்.

அதற்கப்புறம் அக்கா செய்ததுதான் வேடிக்கை. பென்ஷனும் வட்டியும் ஒரு கணக்கில் விழும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அதிலிருந்து ஒரு தொகையை மட்டும் தனக்குச் சம்பளமாக எடுத்துக்கொள்வாள். விலைவாசி ஏறினால் வருடக் கடைசியில் யோசித்துச் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்துவாள். வட்டி குறைந்த வருடம் உயர்வு கிடையாது. துணிக்கடையில் ஒரு புடவையை ஆசையாய்த் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் அட்வான்ஸ் எல்லாம் தர முடியாது" என்று தனக்குத் தானே கறாராகச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தவள் அவள். வருடத்தில் ஒரு முறை போனஸ் உண்டு. அந்தப் பணத்தில் முதல் வகுப்பில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, அதுவரை பார்க்காத ஏதாவது ஒரு ஊருக்குப் போய்விட்டு வருவாள். அப்போது மட்டும் கை தாராளம்.

இரண்டு வருடம் கழித்துக் கிரேன்காரரும் ஓய்வு பெற்றார். பென்ஷனில் ஒரு பகுதியையும் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டார். அத்தனை பணத்தை அவர் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. வீட்டின் மேல் ஒரு மாடி எழும்பியது. வாசலில் நீல நிறக் கார் வந்து நின்றது. கூட வேலை பார்த்தவன் ஒருவன் தொழில் தொடங்கக் கேட்டான். எண்ணிப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார்.

காரைப் பார்க்க வந்த அக்கா, அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "அழகா இருக்குடா. வருஷத்துக்கு இதுக்குத் தீனி எவ்வளவு ஆகும்?"

"உனக்கு எப்பப் பாத்தாலும் இதே பேச்சுதான் அக்கா" என்று சிரித்தார் தம்பி. அவளும் சிரித்துவிட்டு, காரில் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தாள்.

ஐந்தாவது வருடம் கை காய்ந்தது. தொழில் தொடங்கியவன் ஊரைவிட்டே போயிருந்தான். மாதப் பாதியிலேயே பென்ஷன் மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்து மனைவிக்கு முழங்கால் படுத்தியது. மாதா மாதம் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். மகனிடம் கேட்கக் கிரேன்காரருக்கு வாய் வரவில்லை. அவனுக்கே இழுபறி. கடைசியில் ஒரு நாள் காலை அக்கா வீட்டு மாடிப்படி ஏறினார். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

அக்காவுக்கு ஒற்றை அறையும் ஒரு சமையலறையும்தான். ஜன்னலைத் திறந்தால் பேருந்து நிலையம். அவள் துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாலு மூலையும் நூல் பிடித்தமாதிரி இருந்தன.

"அக்கா, ஒரு ஆறு மாசத்துக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

"உக்காருடா" என்றாள் அவள். மடித்த துண்டை வைத்துவிட்டு, பீரோவிலிருந்து ஒரு பச்சை ஃபைலை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு வங்கிப் புத்தகம். மேலே அவர் பெயரும் அக்கா பெயரும் சேர்ந்து இருந்தன. ஐந்து வருடமாக மாதம் தவறாமல் பணம் விழுந்திருந்தது.

கிரேன்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. "என்னக்கா இது? நான் எதுவும் போடலியே?"

"நான் போட்டேன். கார் வாங்கின வாரம், உன் பழைய பத்திரம் ஒண்ணுல கையெழுத்து வேணும்னு பேங்குக்குக் கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நீ படிச்சுப் பாக்காம மூணு கையெழுத்துப் போட்டே."

"இவ்வளவு பணம் உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"பென்ஷனை ஏத்தினாங்க, என் சம்பளத்தை நான் ஏத்திக்கல. ரெண்டு போனஸையும் விட்டுட்டேன். அவ்வளவுதான்."

அந்த இரண்டு வருடமும் அக்கா ஊருக்குப் போகாதது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கால் வலியாக இருக்கும் என்று நினைத்திருந்தார். முகம் சிவந்துவிட்டது. "அப்போ நான் அழிச்சுடுவேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டே. என்னைப் பத்தி அவ்வளவு கேவலமா நினைச்சியா?"

"கேவலமா நினைச்சிருந்தா எனக்கென்னன்னு இருந்திருப்பேன்." அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன் காசு மூணு வருஷம் தாங்கும்னு நினைச்சேன். அஞ்சு தாங்கியிருக்கு. கெட்டிக்காரன்தான்டா நீ."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தார் கிரேன்காரர்.

ஆனால் பணத்தை அவள் மொத்தமாகக் கையில் கொடுக்கவில்லை. அதைப் பிரித்துப் போட்டு, மாதம் ஒரு தொகை மட்டும் வரும்படி செய்தாள். ஊசிக்கு அது போதும். "காரை வித்துடு. மாடியை வாடகைக்கு விடு. மூணு மாசம் செலவை எழுதிட்டு வா, உனக்கு என்ன சம்பளம் போடலாம்னு பாப்போம்" என்றாள். துறைமுகத்தில் மேலதிகாரிகளையே எதிர்த்துப் பேசியவர், சரி என்று தலையாட்டினார். கார் போனது. மாடிக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சர் குடும்பம் வந்தது. மனைவி ஊசி போட்டுக்கொண்டு நடமாடத் தொடங்கினாள். மகனுக்கு இதெல்லாம் பல வருடம் தெரியவே தெரியாது.

அத்துடன் அக்காவின் சூட்சுமம் எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் கிரேன்காரர் நினைத்தார்.

எழுபத்தெட்டாவது வயதில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு. அறுவைசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும், தன் வீட்டுக்கே வந்துவிடும்படி தம்பி மன்றாடினார். அவள் அசையவில்லை. மறுநாள் அவர் போய்ப் பார்த்தால், நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி அக்காவை மெல்ல எழுப்பி உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பகல் முழுக்கத் துணைக்கு இருக்கிறவள்.

"இவங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கறது? நான் தர்றேன் அக்கா. இப்ப என்னால முடியும்."

"இவளுக்கா?" அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "இவ சம்பளத்தை நான் பதினெட்டு வருஷமாச் சேத்துக்கிட்டு இருக்கேன். இப்பதான் வேலைக்கு வந்திருக்கா. நாலு வருஷத்துக்குத் தாங்கும். அதுக்கு மேல இருந்தா, அந்தப் பன்னிரண்டையும் ஒவ்வொண்ணா உடைக்கலாம். அது அதுக்குத்தான்."

"இப்படியெல்லாம் ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்து மூணு வருஷம் நோயாளிங்க படுக்கை விரிப்பைத் தேய்ச்சவடா நான். கடைசில யாருக்கு என்ன வேணும்னு அதுலயே எழுதியிருக்கும்."

துணைக்கு வந்தவள் சீப்பை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தாள். கிரேன்காரரும் பார்த்தார். உலர்ந்த சுள்ளி மாதிரி ஓர் உடம்பு. எதிர்ச் சுவரில் நாள்காட்டி. கீழே ஏதோ ஒரு பேருந்து கிளம்ப உறுமியது. இத்தனை சின்ன அறைக்குள் இருந்துகொண்டு இவளால் இவ்வளவு தூரம் எப்படிப் பார்க்க முடிந்தது என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

"என்னடா அப்படிப் பாக்கறே?" என்றாள் அக்கா. "நாளைக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. சீக்கிரமா வந்துடு."