சம்பந்தியம்மா வேண்டாமென்றால் வேண்டாம்தான்

என் மகள் கட்டிக்கொண்டது போஸ்னியாக்காரப் பையனை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள நானும் அவன் அம்மாவும் அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அவர் பேசியது செர்போ-குரோவேஷியன். அந்தப் பேரைச் சொன்னாலே அவர்கள் ஊரில் சண்டை வருமாம். அவர் "நம்ம மொழி" என்றுதான் சொல்வார்.

முதல் நாள், நீளக் கைப்பிடி வைத்த காபிப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "ஹோச்செஷ்?" என்றார். வேணுமா என்று கேட்கிறார். நம் வழக்கப்படி கையை ஆட்டி வேண்டாம் என்றேன். இன்னொரு தடவை கேட்பார் என்று பார்த்தால், கோப்பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவர்கள் ஊரிலும் வற்புறுத்தித்தான் கொடுப்பார்களாம். இந்த அம்மா மட்டும் இப்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவரே என்னை உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னார். ஹோச்சு, எனக்கு வேணும். ஹோச்செஷ், உனக்கு வேணும். ஹோச்சே, அவருக்கு வேணும். "நேச்சு" என்றால் எனக்கு வேண்டாம். அதைச் சொல்லும்போது கோப்பையை உள்ளங்கையால் மூடிக் காட்டினார்.

மருமகன் விளக்கினான். ஆசைப்படுவதைக் குறித்த பழைய ஸ்லாவியச் சொல்லாம் அது. தேய்ந்து வெறும் "ச்சு" ஆகி வினையோடு சேர்ந்தால் எதிர்காலம். "வருவேன்" என்று சொல்வதற்குள்ளேயே வர ஆசைப்பட்டது ஒளிந்திருக்கிறது. கெட்டிக்கார ஜனங்கள்.

போன குளிர்காலத்தில் சம்பந்தியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மகன் பேர்கூட வாயில் வரவில்லை. எனக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து "ஹோச்சு" என்று ஆரம்பித்தேன். கோணிய வாயோடு "ஹோச்செஷ், ஹோச்சே" என்று முடித்தார்.

"அம்மா, அது சும்மா ஒப்பிக்கறது. மீனிங் தெரியாமலே வருமாம், தெரபிஸ்ட் சொன்னாங்க" என்றாள் மகள். புருஷனும் பெண்டாட்டியும் அவரை வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் நர்சிங் ஹோமில் சேர்க்க முடிவு செய்திருந்தார்கள்.

"ஏன்டி, அவங்களைக் கேட்டீங்களா?"

"எப்படிம்மா கேக்கறது? அவங்களால சொல்ல முடியாதே!"

"வாயை மூடிட்டுப் பாரு."

அந்த ஹோமின் படத்தை அவர் முன்னால் நீட்டினேன். "ஹோச்செஷ்?"

வெகுநேரம் பார்த்தார். நல்ல கையைத் தூக்கி உள்ளங்கையால் படத்தை மூடினார். "நேச்சு."

"ம்மா, அதுவும் அந்தப் பாடத்துல இருக்கறதுதானே..."

"ஹோச்சு" என்றார். மூச்சு வாங்கியது. "ஹோச்சு... கூச்சி."

கட்டில் ஓரம் நின்ற மருமகன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். கூச்சி என்றால் வீட்டுக்கு. நாங்கள் ஒப்பித்த பாடத்தில் அந்தச் சொல் கிடையாது.

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். இப்போது காபி நான்தான் போடுகிறேன். என் ஃபில்டர் காபியைப் பார்த்தால் முகத்தைச் சுளிக்கிறார். ஒரு தடவைதான் கேட்கிறேன். நேச்சு என்றால் கோப்பையை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன்.