மல்லிகா மேடம் ஏற்றுக்கொண்ட தப்பு

செவ்வாய்க்கிழமை காலை மைசூர் பஸ் ஸ்டாண்டில் சாமராஜநகர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது மல்லிகா மேடத்தின் தம்பி ஹனூரிலிருந்து கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க" என்றார். மாரடைப்பு. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட எழுந்து எழுந்து நடந்துதான் எழுதுகிறேன்.

மேடத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் அலுவலகம் இருப்பது மைசூரில். வேலையோ கடற்கரை ஊர்களுக்கு. கடல் ஏறி வருகிற ஊர்களில் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பாமல், அலையாத்தி மரங்களை நட்டு அலையின் வேகத்தைத் தணிக்கத் திட்டம் போடுவோம். மைசூரில் ஏது கடல் என்று கேலி செய்யாத சொந்தக்காரர் எனக்கு இல்லை. கோபிநத்தம் பக்கம் காட்டோரத்தில் பிறந்த மேடமும் முப்பது வயதுக்கு மேல்தான் கடலையே பார்த்தாராம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் கரைக்குப் போனோம். நான் வாயைப் பிளந்து கடலைப் பார்க்க, அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு வீடுகளைப் பார்த்தார். "கடல் எங்கீங்க போயிரப் போகுது? ஊரைப் பாருங்க" என்றார்.

நான் எங்கே பார்த்தேன்? உத்தர கன்னடக் கரையில் ஓர் ஊருக்கு, செயற்கைக்கோள் படத்தை வைத்து மேசையிலிருந்தே வரைபடம் போட்டேன். கழிமுகத்தில் பெரிய சேற்றுத்திட்டு ஒன்று தெரிந்தது. அதன்மேல் 'காலி' என்று எழுதினேன். தமிழிலும் கன்னடத்திலும் ஒரே சொல். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குழுத் தலைவராக மேடம் கையெழுத்துப் போட்டார். கன்றுகளும் நட்டாயிற்று.

அடுத்த முறை போனபோது ஊர்ப் பெண்கள் வழிமறித்தார்கள். நீர் வற்றும் நேரத்தில் அவர்கள் மட்டிச் சிப்பி தோண்டுகிற இடம் அது. பாதி ஊருக்கு அதில்தான் அடுப்பு எரிகிறது. இதைக் காலி என்று எழுதியது யார் என்று கேட்டார்கள். நான் மேடத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். மேடம் கன்னடத்தில், நான்தான் என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, அவர்களோடு சேர்ந்து கன்றுகளைப் பிடுங்கினார். அவர்கள் காட்டிய ஓடைக்கரையில் அவற்றையே மறுபடி நட்டார். பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. அலுவலகம் அவரிடம் விளக்கம் கேட்டது. தலைமைப் பொறுப்பு அவரை விட்டுப் போய் என் கைக்கு வந்தது. வெட்கங்கெட்டவன், வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் டீக்கடையில், ஏன் மேடம் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"நீங்க பாக்காம எழுதினீங்க, நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன். என்னங்க பெரிய வித்தியாசம்?" என்றவர், டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா அந்தப் பொம்பளைங்ககிட்ட ஒருநாளைக்கு நீங்களே சொல்லிப்போடுங்க. அப்பத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்."

சரி என்றேன். பிறகு மழை என்றேன், மீட்டிங் என்றேன், உடம்பு சரியில்லை என்றேன். அவர் ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் இப்போது அறுக்கிறது.

நேற்று துக்கத்துக்கு ஹனூர் போயிருந்தபோது மேடத்தின் போன் அடித்தது. தம்பியால் பேச முடியவில்லை, என்னிடம் நீட்டினார். அன்று கழிமுகத்தில் முன்னால் நின்று கேள்வி கேட்ட அதே பெண்மணி, செய்தி தெரிந்து கூப்பிட்டிருந்தார். ஆபீசிலிருந்து வந்தவர்களில் தப்பைத் தன்னுடையது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான் என்று அழுதார். அந்தத் தப்பு அவருடையதே இல்லையம்மா, எழுதியவன் நான் என்றேன்.

அவர் அழுகையை நிறுத்தினார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை நீர் வற்றும், எல்லோரும் சேற்றில்தான் இருப்போம், அங்கே வந்து எல்லோரிடமும் சொல் என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன், மேடம். பயமாகத்தான் இருக்கிறது. சொல்லிப்போடறேனுங்க. நீங்க நிம்மதியாப் போங்க.