வாழைக்குருத்துப் பச்சை

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் இல்லை, சீருடை இல்லை, ஆனால் உயிர்ப் பொறுப்புள்ள வேலை. மாமாவின் காரில் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் போகும் பஸ்ஸையோ லொறியையோ தாண்டலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. லண்டன் எட்மண்டனில், அடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கும் ஒரு கராஜில் வேலை செய்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அவருடைய கார் அமெரிக்காவில் பிறந்தது. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், மூக்கு மட்டும் எங்கள் குளியலறை நீளம். ஸ்டியரிங் இடப்பக்கம். லண்டன் வீதியில் அப்படியொரு காரை ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு லொறி போனால் அந்த லொறியின் முதுகுதான் தெரியும், எதிரே வருவது தெரியாது. அதைப் பார்ப்பதற்கு வலப்பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

எனக்கும் அந்த இருக்கை தேவையாக இருந்தது. நாங்கள் டென்மார்க்கிலிருந்து ரெய்னர்ஸ் லேனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளைக்கு இங்கிலீஷ் படிப்பு வேண்டும் என்று அப்பா எடுத்த முடிவு அது. பிள்ளையோ பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து மணி அடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வருவாள். விளையாட்டு நேரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். என்னை யாரும் அடிக்கவில்லை, கேலி செய்யவில்லை. நான் அங்கே நிற்பது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த ஊரில் வாகனம் ஓடும் பக்கமும் மாறி, பாஷையும் மாறிப்போயிருந்தது. மாமாவின் காரில் மட்டும் நான் டென்மார்க்கில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த அதே பக்கத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு சான்ட்விச் தொழிற்சாலையில் ஷிப்ட், அப்பாவுக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட். ஆகவே மாமா வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். எட்மண்டனையும் தாண்டி வடக்கே போனால் திடீரென்று வயலும் குதிரை லாயமும் வரும். அங்கே வீதி ஒடுக்கம். குதிரை ஏற்றிய பெட்டியொன்றை இழுத்துக்கொண்டு ஏதாவதொரு வண்டி முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். நான் குஷனில் ஏறியிருந்து, கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிப் பார்ப்பேன். எதிரே வாகனம் வந்தால், "பொறுங்கோ." வீதி வெறுமையாக இருந்தால், "போங்கோ மாமா." அந்த ஒரு சொல்லுக்கு எட்டு சிலிண்டரும் உறுமிக்கொண்டு பாயும். பள்ளிக்கூடத்தில் என் பேச்சுக்கு ஒரு பென்சில்கூட அசைந்ததில்லை.

காரின் நிறத்தைச் சொல்லவில்லையே. அது கப்பலில் வந்து இறங்கியபோது சிவப்பு, அதுவும் வெளிறிய சிவப்பு. மாமா டாஷ்போர்டைக் கழற்றியபோது அதன் பின்னால், வெயில் படாத மூலையில், உள்ளங்கையளவு பச்சை இருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் அறைந்திருந்த தகட்டிலும் தொழிற்சாலை கொடுத்த பச்சையின் நம்பர்தான் இருந்தது. மாமாவுக்கு அதற்குப் பிறகு வேறு நிறம் கண்ணில் ஏறவில்லை. கராஜ் முதலாளி பின்பக்கக் கொட்டகையை அவருக்கு விட்டிருந்தார். அதற்குள் நாலு வருடம் சுரண்டி, தேய்த்து, ஒட்டி, கடைசியில் அந்தப் பச்சையையே அடித்தார். சாதாரணப் பச்சை இல்லை. கண்ணைக் கூசவைக்கும், பாதி மஞ்சளான பச்சை. தொழிற்சாலை அதற்குப் புல்லைப் பற்றி ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தது. அம்மா அதைக் கண்ட அன்று நெற்றியில் கைவைத்தாள். அப்பா, இதை வாசலில் விட்டால் கவுன்சில் தெருவிளக்கை அணைத்துவிடலாம் என்றார். போட்டோவில் கண்ட சிவப்பே நல்லாயிருந்ததே என்று அம்மா கேட்டதற்கு, அது பிறந்த நிறம் இதுதான் என்று மட்டும் மாமா பதில் சொன்னார்.

இப்படியிருக்கையில் மாமாவுக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. பெண் பாரிஸில் புடவைக் கடையொன்றில் வேலை. தெற்கு லண்டனில், டூட்டிங்கில் இருக்கும் தன் சின்னம்மா வீட்டுக்கு இரண்டு கிழமை வந்திருந்தார். சாதகம் ஏற்கனவே பொருந்திவிட்டது. மாமாவும் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்ப் பேசிப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் இணங்கினார்கள். ஆனால் தனியாக அனுப்புவதா? துணைக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு எதுவும் விளங்கக்கூடாது. எல்லாத் தகுதியும் எனக்கு இருந்தது. அம்மா என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள். வாய் காட்டாதே, ஐஸ்கிரீம் கேட்காதே, மாமி என்று கூப்பிட்டுத் தொலைக்காதே, இப்போதைக்கு அன்ரி என்றே கூப்பிடு. மாமாவுக்கும் பாடம் நடந்தது. நல்ல சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், கார்க்கதை கதைக்கவே கூடாது.

டூட்டிங்வரை என் இருக்கையில் நான் இருந்தேன். அங்கே அந்தச் சின்னம்மா வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, மற்ற ரெண்டு கதவும் எங்க?" என்று கேட்டார். மாமா என்னை இறங்கச் சொன்னார். முன்னிருக்கையை மடித்து, அந்தச் சந்துக்குள்ளால் பின்னுக்குப் போகச் சொன்னார். என் குஷனையும் என் கையிலேயே தந்தார். அன்ரி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நான் தவழ்ந்து உள்ளே போகும்வரை காத்து நின்றுவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்தார். பெல்ட் அவருக்குப் போதவில்லை. மாமா குனிந்து அதைத் தளர்த்திவிட்டார். எனக்கு அளவாக அவர் இறுக்கி வைத்திருந்த பெல்ட் அது.

மாமா சாப்பாட்டுக் கடைக்குப் போகவில்லை. வடக்கே ஒரு வயலில் அமெரிக்கக் கார்க்காரர்கள் கூடும் நாள் அது, அன்று பச்சைக் கார்களை எல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அதை விட்டுவிட்டுத் தோசை தின்னப் போக அவரால் ஏலவில்லை. அன்ரிக்கு என் வேலை தெரியாது, மாமாவும் சொல்லவில்லை. ஒரு குதிரைப் பெட்டியின் பின்னால் கார் ஊர்ந்தது. பார்க்கப் பொறுக்காமல் நான் பின்னிருக்கையின் வலப்பக்கக் கண்ணாடியில் கன்னத்தை அழுத்தி, போங்கோ மாமா என்று கத்தினேன். மாமா பாய்ந்தார். அன்ரி கண்ணை மூடிக்கொண்டார். உத்தியோகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று எனக்கு நிம்மதி.

வயலில் குளிர்காற்று. மடக்குக் கதிரைகளில் வெள்ளைக்காரர்கள் தேநீர்க் குடுவைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் எஞ்சினை ஒருவர் குனிந்து பார்த்தார்கள். தமிழர் என்று நாங்கள் மூவர்தான். மாமா வரிசையில் முதல் காரிலிருந்து தொடங்கினார். இது எந்த வருடம், எந்த நம்பர்ப் பச்சை, தொழிற்சாலை எத்தனை மாதம் இதை அடித்தது. அம்மா எதைக் கதைக்காதே என்றாளோ அதை மட்டும் கதைத்தார். அன்ரி மேல்கோட்டின் கழுத்தை இழுத்து மூடியபடி கேட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அவர் மாமாவை முந்திக்கொண்டு வரிசையில் நடந்தார். புடவைக்குச் சட்டைத் துணி பொருத்துகிறவர் போல, ஒவ்வொரு காரின் வெயில் பட்ட பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் பார்த்தார். இது கிளிப்பச்சை, இது பாசிப்பச்சை, இது மயில் கழுத்து என்று சொல்லிக்கொண்டே போனார். பாசிப்பச்சைக் காரின் சொந்தக்காரர், தாடி வைத்த கிழவர், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மாமா மொழிபெயர்த்ததும் கிழவருக்குச் சந்தோஷம், மற்றவர்களையும் கூப்பிட்டார். எங்கள் காருக்கு வந்தபோது அன்ரி முன் சக்கரச் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து, நிழல் விழுந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது வாழைக்குருத்து," என்றார்.

நாலு வருடம் அந்த நிறத்தோடு கிடந்த மாமா, அதை அன்றுதான் கண்டவர் போல நின்றார். நான் வாழைக்குருத்தைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த வாழையிலை பிளாஸ்டிக் பைக்குள் மடித்து ரெய்னர்ஸ் லேன் கடைக்கு வருவது. ஆகவே இதில் மலைத்துப்போய் நிற்க என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு மாமா நம்பர் சொல்வதை விட்டுவிட்டார். இருவரும் கிழவர் தந்த தேநீரைக் குடித்தார்கள். எனக்கு ஒரு பிஸ்கட் கிடைத்தது.

திரும்பும்போது மறுபடியும் ஒரு குதிரைப் பெட்டி. நான் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து, பொறுங்கோ என்றேன். பிள்ளை என்ன சொல்லுகிறாள் என்று அன்ரி கேட்டார். மாமா தயங்கித் தயங்கி விளக்கினார். இந்தப் பக்கம் இருக்கிற ஆள் பார்த்துச் சொன்னால்தான் தன்னால் தாண்ட முடியும் என்றார்.

"அதுக்கு நான் இருக்கிறன்தானே," என்றார் அன்ரி. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். வாரிய தலைமயிர் எல்லாம் காற்றில் பறந்தது. "பொறுங்கோ. பொறுங்கோ. இப்ப போங்கோ."

மாமா போனார். தாண்டி முடிந்ததும் சத்தமாகச் சிரித்தார். அன்ரியும் சிரித்தார். மாமாவுக்குச் சிரிப்பில் சத்தம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு வழியில் எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் தாண்டினோம். நான் குஷனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். எட்டு சிலிண்டர்ச் சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய், என்ன கதைத்தார்கள் என்று விசாரித்தாள். பச்சையைப் பற்றி என்றேன். வேறு? வேறும் பச்சைதான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் கிழமை நடுவில் டூட்டிங் சின்னம்மா டெலிபோன் எடுத்தார். பாரிஸில் இருக்கும் பெண்ணின் தமையன் வேறொருவரிடம் காட்டியதில் சாதகம் சரிவரவில்லையாம். முன்பு பொருந்திய கிரகங்கள் இரண்டு கதவுக் காரைக் கண்டதும் எப்படி இடம்மாறின என்று அம்மா கேட்கவில்லை. வெள்ளைக் காராக இருந்திருந்தால் என்று தொடங்கி மாமாவைத் திட்டித் தீர்த்தாள். மாமா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர்க் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். எனக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

ஞாயிறும் வந்தது, மாமாவும் வந்தார். நான் குஷனோடு ஓடிப்போய் வலப்பக்கக் கதவைத் திறந்தேன். பெல்ட் தளர்ந்தபடியே கிடந்தது. அதை இறுக்கப் போனேன்.

"அதை அப்பிடியே விடு, பிள்ளை," என்றார் மாமா. "இண்டைக்குப் பின்னுக்கு இரு."

பின்னுக்கு ஏறினேன். முன்னிருக்கை வெறுமையாக இருந்தது. வழக்கமான வழிதான், எட்மண்டனைத் தாண்டி வடக்கே. ஒடுங்கிய வீதி வந்தது, குதிரைப் பெட்டியும் வந்தது. நான் கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். எதிரே ஓர் ஈ காக்கைகூட இல்லை. போங்கோ மாமா என்றேன்.

மாமா போகவில்லை. எட்டிப் பார்த்தேன். வீதி அப்படியே வெறுமையாக, நேராகக் கிடந்தது. மறுபடியும் சொன்னேன். கார் அந்தப் பெட்டியின் பின்னாலேயே ஊர்ந்தது. பெட்டிக்குள் இருந்த குதிரையின் வால் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வெகுதூரம் போனோம். பெட்டி லாயத்துக்குள் திரும்பிய பிறகும் மாமா வேகம் எடுக்கவில்லை.

எஞ்சின் சத்தத்தில் மாமாவுக்கு என் குரல் கேட்கவில்லை என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.