ஜப்பான்காரனுக்கு மனு எழுதிய பரிமளா

திருவரங்குளத்தில் ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து மனு டைப் அடிக்கும் பரிமளா என் சிநேகிதி. கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். நான் வரலாறு படித்து ஆவூரில் டீச்சராகிவிட்டேன். அவள் அதே வரலாற்றைப் படித்துவிட்டு இருபத்தாறு வருஷமாகப் பட்டா மாறுதலும் முதியோர் உதவித்தொகையும் அடித்துக்கொண்டிருக்கிறாள். எங்களில் யாருக்கு வரலாறு அதிகம் தெரியும் என்று கேட்டால், பேசாமல் அவள் பக்கம் கையைக் காட்டுவேன்.

பரிமளா ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கதை. "டாங்கி எங்கடி, ஏரோப்ளேன் எங்கடி?" என்று கேட்டேன். அவள் நாவலில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்காது. முழுக்க முழுக்க மனுக்கள். 1951-ஆம் வருஷம், புதுக்கோட்டையில் ஜப்பான் அதிகாரி உட்கார்ந்திருக்கிறான். நம் சனங்கள் அவனுக்கு எழுதுகிறார்கள். கண்மாய்க்குள் ராணுவக் குதிரைகளை இறக்கவேண்டாம் என்று ஒருவர். மீமிசலில் பிடிக்கிற மீனில் பாதி முகாமுக்குப் போனால் மீதியை வைத்து எப்படிப் பிழைப்பது என்று ஒருத்தி. சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப்போன மகனைப் பற்றித் தகவலே இல்லை என்று ஒரு தாய், வருஷத்துக்கு ஒன்றாக எட்டு மனு. எட்டாவதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன்.

"வெள்ளைக்காரனும் இவனும் ஒன்னா ஒனக்கு?" என்று சண்டைக்குப் போனேன்.

"ஒன்னுன்னு யாரு சொன்னா? வெள்ளைக்காரன் மனுவைக் கெடப்புல போட்டான். இவன் மனு கொடுத்தவனையே கெடப்புல போடுவான். அப்பயும் நம்ம ஆளுக எழுதுவாங்க ஷர்லி. 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து'ன்னுதான் எழுதுவாங்க."

இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஆனால் மகராசி ஒரு தப்பு செய்துவிட்டாள். மனு அடிக்கிறவர்கள் எதையும் புதிதாக ஆரம்பிப்பதில்லை. பழைய ஃபைலைத் திறந்து, பேரையும் தேதியையும் மாற்றிவிட்டு, அதன் மேலேயே அடிப்பார்கள். நாவலையும் அவள் அப்படித்தான் எழுதினாள். பெரியவீட்டு ரெங்கராஜ், தன் தாத்தா மருதமுத்து பேரில் இருந்த நிலத்துக்காக எப்போதோ கொடுத்த மனு ஒன்று அவள் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதன் மேல்தான் கோயில் திருவிழா பற்றிய மனுவை அடித்தாள். மற்ற எல்லாவற்றையும் மாற்றியவள், மருதமுத்துவை மட்டும் விட்டுவிட்டாள். மூன்று தடவை பிழை திருத்தினேன் என்று பீற்றிக்கொண்ட எனக்கும் கண் தெரியவில்லை.

அவள் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை பெரியவீட்டுக்கு. கோயில் பட்டுத்துணியைப் பரிவட்டமாகத் தலையில் கட்டுவார்கள். அந்த ஒரு முழத் துணிக்காகக் கோர்ட் வரை போன குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. நாவலில் அந்த மரியாதையை ஜப்பான் அதிகாரி தனக்கு வேண்டும் என்கிறான். மருதமுத்து தன் தலையில் இருப்பதை அவிழ்த்து, குனிந்து, அவன் தலையில் கட்டுகிறார்.

அச்சுக்குப் போகவேண்டிய பிரதி கடை மேசையில் கிடந்தது. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த யாரோ படித்துவிட்டுப் பெரியவீட்டில் போய் ஓதிவிட்டார்கள். கடை இருக்கும் கட்டடமே ரெங்கராஜுடையது. அடுத்த சனிக்கிழமை நேராக வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"எங்க தாத்தா எவன்கிட்டம்மா குனிஞ்சாரு?"

பரிமளா எழுந்து நின்றாள். "பேரு தப்பா விழுந்துருச்சுண்ணே. மன்னிச்சுக்கங்க. இப்பவே மாத்திர்றேன்."

"பேரை மாத்துனா? பரிவட்டம் எந்த வீட்டுக்குன்னு ஊருக்கே தெரியும். அந்தப் பக்கத்தையே தூக்கு. இல்லைன்னா அடுத்த மாசம் கடையை வேற எங்கிட்டாவது பாத்துக்க."

அவள் வீட்டில் உலை கொதிப்பதே அந்தக் கடையால்தான். ஒரு பக்கம் போனால் போகட்டும், எடுத்துத் தொலையடி என்று மனசுக்குள் கத்தினேன். வெளியே சொல்லாமல் இருந்ததற்கு இன்றைக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

"பக்கத்தை எடுக்க முடியாதுண்ணே," என்றாள் பரிமளா. "எடுத்தா, அவன் ஜெயிச்சு வந்தும் நம்ம ஊருல யாருமே குனியலைன்னு ஆயிரும். அது பொய். வேணும்னா ஒன்னு செய்யிறேன். எங்க தாத்தா வீரையா பேரைப் போட்டுர்றேன். அந்த வருசப் பரிவட்டம் அவரு தலையில இருந்துச்சுன்னு எழுதுறேன். அவரே அவுத்துக் குடுக்கட்டும். அவரே குனியட்டும்."

"ஒங்க தாத்தா தீவட்டி புடிச்சவரு. அவருக்கு ஏது பரிவட்டம்?"

"கதைதானண்ணே."

ரெங்கராஜ் விறுவிறுவென்று வெளியே போய் பைக்கை உதைத்தார்.

"வேணும்னே அவரை மடக்கத்தானே அப்படிச் சொன்னே?" என்று அவளைக் கேட்டேன்.

"சத்தியமா இல்லடி. யாராவது ஒருத்தர் குனிஞ்சிருக்கணும். எங்க தாத்தா பேரைப் போட எனக்கு ஒன்னும் கூச்சமில்ல," என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அன்றே தாத்தா பேரைப் போட்டு அடித்தும் வைத்துவிட்டாள். அடுத்த தெருவில் வேறு கடை பார்க்கவும் ஆரம்பித்தோம்.

செவ்வாய்க்கிழமை ரெங்கராஜ் மறுபடி வந்தார். இந்தத் தடவை செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"வீட்டுல பேசுனோம். ஒங்க தாத்தா பேரெல்லாம் வேணாம். எங்க தாத்தாவே இருக்கட்டும்."

"குனியிறதுமாண்ணே?"

"குனியட்டும். பரிவட்டத்தை வேற வீட்டுக்குக் குடுக்கிறதுக்கு அது பரவாயில்ல." பிறகு, "அவரு மனசார அவுத்துக் குடுக்கலைன்னு ஒரு வரி மட்டும் சேர்க்க முடியுமா தாயி?" என்றார்.

பரிமளா அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஃபைலைத் திறந்து, வீரையாவை அழித்து மருதமுத்துவைத் திரும்ப உட்கார வைத்தாள். கொஞ்சம் யோசித்து ஒரு வரி சேர்த்தாள்: 'முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. பெரியவர் கை நடுங்கியது.' ரெங்கராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். வேறு கடை தேடுவதை நாங்கள் அன்றோடு நிறுத்தினோம்.

போன மாசம் நூலகத்தில் புத்தக வெளியீடு. எண்பது பேர் வந்தார்கள். நான் பேசினேன், என் சிநேகிதி என்று நாலு தடவை சொன்னேன், எனக்கு வெட்கமே இல்லை. எந்தப் பக்கத்தை வாசிக்கலாம் என்று பரிமளா கேட்டபோது, முதல் வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்த ரெங்கராஜ், "அந்தக் கோயில் பக்கத்தை வாசிம்மா," என்றார்.

அவள் வாசித்தாள். கை நடுங்கிய வரி வந்தது. ரெங்கராஜ் பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டுச் சொன்னார்:

"இது எங்க தாத்தா."