தொழுகைப் புத்தகங்களோடு புதைத்த படச்சுருள்

கல்யாண வீட்டில் படமெடுக்கச் சொன்னால், நஹூம் குஷ்னிர் மணப்பெண்ணை விட்டுவிட்டுக் கொல்லையில் கோழி அறுக்கிறவனை எடுப்பான். புவனோஸ் ஐரிஸில் ஒன்ஸே பேட்டை யூதர்களான நாங்கள் அவனைக் கூப்பிடுவதையே நிறுத்தினோம். அப்படித்தான் அவன் ஆவணப்பட இயக்குநர் ஆனான். கலைக்கு எங்கள் தொண்டு.

ராணுவ ஆட்சி வந்த வருஷம் இறைச்சிக்கூடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை எடுத்தான். ஒரு கேப்டன் மூன்று பேரை மாட்டுக் கொக்கிகளுக்குக் கீழே மண்டியிட வைத்துப் பிடரியில் சுட்டது அதில் பதிவாகிவிட்டது. அக்கா ரெய்ஸல் வீட்டில், சபாத் ஓய்வுநாளுக்கு விரிக்கும் மேசைவிரிப்பைச் சுவரில் கட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினான். வெள்ளைத் துணியில் ரத்தம் கறுப்பாக ஓடியது. கேப்டனுக்கு இடது காது பாதிதான்.

மறுநாளே நஹூம் மெக்ஸிகோவுக்குத் தப்பினான். ரெய்ஸல் சுருளை ஜெபக்கூடத்துப் பரணில், கிழிந்த தொழுகைப் புத்தகப் பெட்டிக்குள் செருகினாள். கடவுளின் பெயர் எழுதிய தாளை நாங்கள் எறிவதில்லை. செத்த மனிதரைப் போலப் புதைப்போம். அவசரத்தில் அவளுக்கு அது மறந்துபோயிற்று.

சுருளைத் தேடிச் சிப்பாய்களோடு வந்தவர்கள் தலையணைகளைக் கிழித்தார்கள். ரெய்ஸலின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார்கள். அவள் வாய் திறக்கவில்லை. திறந்தபோது பற்கள்தான் விழுந்தன. அவள் படுக்கையில் கிடந்தபோது பெட்டி மண்ணுக்குள் போனது.

ஆட்சி போனதும் நஹூம் திரும்பினான். கேப்டன்மேல் வழக்கு, சாட்சி அந்தச் சுருள் ஒன்றே. அக்காவோடு கல்லறைக்குத் தோண்டப் போனபோது, கல்லறைச் சங்கத்து ஜெலிக் மண்வெட்டியைக் குறுக்கே நீட்டினார்.

“பொதைச்சதைத் தோண்டக் கூடாதுடா, நாத்திகப் பயலே!”

“அது சினிமாய்யா, வேதமில்ல!”

“ஒன் சினிமாவுக்கு வந்த ஒரே கூட்டம் இங்க படுத்திருக்கிறவங்கதான். விடேன்.”

நஹூம் பாய்ந்தான். ஜெலிக்கின் மூக்கு உடைந்தது. நஹூமின் புருவத்தை மண்வெட்டி பிளந்தது. இருவரும் ரத்தம் வழிய உட்கார்ந்திருக்க, ரெய்ஸலே கோணல் விரல்களால் தோண்டினாள். துருப்பிடித்த தகரத்துக்குள் கறுப்புக் கூழ்தான் இருந்தது.

“போச்சே அக்கா! இனிமே அவனை யாரு காட்டிக்கொடுப்பா?”

“நான்தான்டா, மடையா. என் பல்லை ஒடைச்சவனுக்கும் பாதிக் காதுதான். நீ அன்னிக்கு மேசைவிரிப்புல காட்டின அதே ஆளு.”

“ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“கடுதாசி போட்டப்பல்லாம் ‘சாமான் எப்படி இருக்கு’ன்னு கேட்ட. என்னைக் கேட்டியா?”

ஜெலிக் மூக்கைப் பொத்தியபடி, “கேமராவை எடுடா, எழவு,” என்றார்.

விசாரணை இழுத்தடித்ததில் ரெய்ஸல் செத்துப்போனாள். அன்று கல்லறையில் அவளைப் பேசவைத்து எடுத்த படம்தான் சாட்சி சொன்னது. எடுத்தவன் கை நடுங்கியதில் அவளுடைய பொக்கை வாய் திரை முழுக்க ஆடியது. படம் தெளிவாக இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். கேப்டன் மட்டும் தன் பாதிக் காதைக் கையால் மூடிக்கொண்டார். நீதிபதி அதைப் பார்த்துவிட்டார்.

நஹூம் எடுத்ததிலேயே மோசமான படம் அது. ஒன்ஸே முழுக்கப் போய்ப் பார்த்தோம்.