நூலால் அளந்த குவைத்

பெரியவர்கள் என் பேச்சைக் கேட்டு நடந்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். அது ஒன்றே போதும் என்று பிறகு குடும்பமே முடிவுசெய்துவிட்டது.

தாத்தா இறந்தபோது நான் ஏழாம் வகுப்பு. குவைத்தில் வேலை பார்த்த சித்தப்பா எதிர்வீட்டு போனில் கூப்பிட்டார். "காலைல ஆறு மணிக்கு ஃபிளைட்டு. அப்பா மொகத்த நான் பாக்காம பெட்டிய மூடிடாதீங்க." திருச்சியில் எப்போது இறங்குவார் என்று அப்பா கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

திருவாரூர் பக்கம் எங்கள் கிராமத்தில் அன்றைக்கு விமானம் ஏறியவர் யாரும் இல்லை. பூகோளத்தில் தொண்ணூற்றெட்டு வாங்கிய நான் இருந்தேன். அப்பா என்னைத்தான் கேட்டார்.

அம்மாவின் தையல் நூலை அட்லஸில் குவைத்திலிருந்து திருச்சிவரை இழுத்துப் பிடித்து, ஸ்கேலில் வைத்துப் பெருக்கினேன். நாலாயிரம் கிலோமீட்டர் சொச்சம். விமானம் மணிக்கு எண்ணூறு போகும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"அஞ்சு மணி நேரம். பதினோரு மணிக்கு எறங்கிடுவாரு."

அங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். ஆக, இரண்டு மணிக்கு வீட்டில். மாதா கோயில் சாமியாரிடம் மூன்று மணிக்கு அடக்கம் என்று சொல்லியாயிற்று. பெட்டியைச் சுற்றி வைக்க மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளங்கள்கூட என் கணக்குப்படியே வந்தன.

இரண்டு மணிக்குப் பாராட்டு வாங்கிக்கொள்ள வாசலில் போய் நின்றேன். கார் வரவில்லை. மூன்று மணியும் ஆனது. ஐஸ் கரைந்து கூடமெல்லாம் மீன் வாடை. சித்தி கைக்குழந்தையோடு என்னிடம் வந்தாள்.

"நல்லா அளந்தியாடா?"

"அளந்தேன் சித்தி."

"இன்னொரு வாட்டி அள."

அளந்தேன். அதே ஐந்து மணி நேரம். அப்போதுதான் நூல் எதன்மேல் கிடக்கிறது என்று பார்த்தேன். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"நடுவுல பூரா கடலுதான் சித்தி."

சித்தி பெட்டியருகே போய் உட்கார்ந்தாள். பிறகு அவள் அழுத அழுகையைப் பார்த்து, மாமனார்மேல் இவ்வளவு பாசமா என்று வந்திருந்த பெண்களே ஆடிப்போனார்கள்.

நான்கு மணிக்குச் சாமியார் அப்பாவிடம், "இனிமே தாங்காதுங்க" என்றார். அப்பா தலையாட்டினார். ஆணியும் சுத்தியலும் வந்தன.

அந்த நேரத்தில் துக்கம் விசாரிக்க வந்தார், மஸ்கட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய பக்கத்து ஊர் எலக்ட்ரீஷியன். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆறு மணின்னா, எந்த ஊரு ஆறு மணி?"

"குவைத்து..."

"அட கணக்குப்புலி! அங்க ஆறுன்னா இங்க எட்டரைடா! ஒன்றரைக்குத்தான் எறங்கியிருப்பாரு. இப்ப தஞ்சாவூர் தாண்டி வந்துக்கிட்டிருப்பாரு. சுத்தியல கீழ வைங்கப்பா!"

அப்பா என்னைத் திட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. சித்தப்பா இறங்கி ஓடி, தாத்தாவின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கதறினார். கூடமே அழுதது. சித்தி மட்டும் பின்னால் நின்று, அவருடைய சட்டை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் சிரிக்கிறாளே, மத்தியானம் முழுக்கத் தாத்தாவுக்காக அழுததெல்லாம் பொய்யா என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.